மீன்கள் படித்த பத்திரம்

“திருட்டு ஊருய்யா இது! நூத்து முப்பது வருஷத்துக்கு முன்னாடி எங்க கோர்ட்டையே தூக்கிட்டு வந்த பசங்க, ஒரு புத்தகத்தையா பத்திரமா வச்சிருக்கப் போறீங்க?”

“நாங்க தூக்கிட்டு வர்ற வரைக்கும் உங்க ஊர்க்காரங்க என்ன பண்ணிட்டிருந்தாங்களாம்? தூங்கிட்டுதானே இருந்தாங்க!”

“அன்னிக்கு ஞாயித்துக்கிழமை! எல்லாரும் சர்ச்சுல பிரசங்கம் கேட்டுட்டிருந்தாங்க!”

“அதைத்தான்யா நானும் சொல்றேன். தூங்கிட்டிருந்தாங்க!”

வியாழக்கிழமை காலை பத்து மணி. டாலிவர் கோர்ட்டுப் படிக்கட்டு. மேல்படியில் நின்று கத்தியவர் ராய்ஸ் கிளாபோ, மாவட்டக் குழுத் தலைவர், பக்கத்து ஊரான கிம்ப்ரலைச் சேர்ந்தவர். கீழ்ப்படியில் நின்று பதிலுக்குக் கத்தியவர் எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத் தலைவர் தர்ஸ்டன் லெட்பெட்டர். ஜூலை வெயிலிலும் கழுத்துப்பட்டையைத் தளர்த்தாத மனிதர். இரண்டு பேருக்கும் நடுப்படியில் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு நின்றவள் இமோஜின் பிக்கெட், பத்திரப் பதிவாளர்.

அடுத்தவர் விஷயத்தில் தலையிடும் பழக்கம் எனக்கு அறவே கிடையாது. என் அழகு நிலையத்தின் ஜன்னல் கோர்ட்டைப் பார்த்து அமைந்தது கட்டடம் கட்டியவன் செய்த தவறு. ஜன்னலைத் திறந்து வைத்தது வெயில் செய்த தவறு.

விஷயம் இதுதான். கோர்ட்டை நெடுஞ்சாலை ஓரமாகக் கிம்ப்ரலுக்கே மாற்றிவிட வேண்டும், டாலிவரின் பழைய சதுக்கத்தை ஏதாவது பெரிய கடைக்காரனுக்கு விற்றுவிட வேண்டும் என்று ராய்ஸ் ஒரு வருடமாகத் தவம் கிடக்கிறார். அன்று மாலை ஐந்து மணிக்கு ஓட்டெடுப்பு. கோர்ட்டு போய்விட்டால் டாலிவரில் மிச்சம் இருப்பது என்னவென்று கேட்காதீர்கள். ஆறு எங்களை 1840-இல் கைவிட்டது. ரயில் 1886-இல் பத்து மைல் தள்ளிப் போனது. நெடுஞ்சாலை 1974-இல் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. எங்களைத் தாண்டிப் போகாமல் நின்றது கோர்ட்டு ஒன்றுதான். அதுவும் 1868-இல் கிம்ப்ரலிலிருந்து பதிவேடு, மேஜை எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் திருடிக்கொண்டு வந்ததால் நின்றது.

இந்த நிலையில்தான் எங்கள் ஊர் வக்கீல் பழைய அட்டவணை ஒன்றில் ஒரு வரியைக் கண்டுபிடித்தார். ‘கோர்ட்டு நிலம்: நிபந்தனைக்கு உட்பட்டது. காண்க: ஏ புத்தகம், பக்கம் 88.’ அது என்ன நிபந்தனை என்று யாருக்கும் தெரியாது. ‘ஏ’ என்று எழுத்திட்ட அந்த முதல் பத்திரப் பதிவேட்டை யாரும் படித்ததில்லை. வாசலில் சிலையாக நிற்கும் வள்ளல் நிலம் தந்த கதைதான் எல்லாருக்கும் மனப்பாடமாயிற்றே, புத்தகம் எதற்கு? கூட்டத்தில் படிக்க வேண்டும் என்று வக்கீல் கேட்டார். இமோஜின் புதன்கிழமை மதியம் அதை இரும்பறையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் மேஜை இருக்கிறது, புத்தகம் இல்லை.

“இமோஜின், அஞ்சு மணிக்குள்ள புத்தகம் வரலைன்னா உன் மேஜையைக் காலி பண்ணிடு. முதல் தீர்மானமே அதுதான்” என்றார் ராய்ஸ்.

“இருபத்தி ரெண்டு வருஷமா ஒரு காகிதம்கூடத் தொலைஞ்சதில்ல சார்...”

“இப்ப தொலைஞ்சிருக்கு.”

அப்போது சதுக்கத்துக்குள் கறுப்பு அமரர் ஊர்தி ஒன்று நுழைந்தது. ராய்ஸ்கூட வாயை மூடிக்கொண்டு தொப்பியைக் கழற்றினார். எங்கள் பக்கத்தில் பிணவண்டி போனால் யாரும் அசைய மாட்டார்கள். சாலையில் போகிற கார்கள் ஓரம் கட்டி நிற்கும். செத்தவன் யாரென்று தெரியாவிட்டாலும் நிற்கும். கடன்காரனாக இருந்தாலும் நிற்கும்.

வண்டியிலிருந்து உயிரோடு இரண்டு பேர் இறங்கினார்கள். முதலில் லொரெட்டா பெட்டவே. முப்பத்து நான்கு வருடம் கிராமத் தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். மாவட்டத்தில் யார் வீட்டு நாய் யாரைக் கடிக்கும் என்பது வரை அவருக்குத் தெரியும். போன வருடம் காணாமல் போன பாப்டிஸ்ட் சர்ச் மணியைக் கண்டுபிடித்ததிலிருந்து ஷெரீஃபைக் கூப்பிடுவதற்கு முன்னால் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். பின்னால் இறங்கியவர் டப் ஹென்ஸ்லி. அமரர் ஊர்தி ஓட்டுநர், ஐம்பது வயதுப் பிரம்மச்சாரி. லொரெட்டாவின் கார் பழுதானதிலிருந்து துப்பறியும் வாகனமும் அவருடையதுதான்.

“எல்லாரும் தொப்பியப் போட்டுக்குங்க. பின்னாடி வேகவச்ச கடலை மூட்டைதான் இருக்கு” என்றார் டப்.

லொரெட்டா நேராக இமோஜினிடம் போனார். “அழாதம்மா. நேத்து மதியம் உன் அறைக்கு யார் யார் வந்தா?”

“மூணே பேருதான் மிஸ் லொரெட்டா. ஒருத்தர் கல்யாணப் பதிவுக்கு. ஒரு பொண்ணு, அவங்க அம்மா வீட்டுப் பத்திரம் பார்க்க. அப்புறம் மின்சாரக்காரர். வேற யாருமே வரல.”

“வேற யாருமே?”

“எப்பவும் வர்றவங்கதான்.”

லொரெட்டா அந்தக் கடைசி வார்த்தைகளை மென்றபடி ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் தர்ஸ்டன் ஒரு காகிதத்தை நீட்டினார்.

“இதைப் பாரு லொரெட்டா. காலைல கோர்ட்டுக் கதவுக்கு அடியில கிடந்துது. இனிமே என்ன துப்பு வேணும்?”

தட்டச்சு செய்த கடிதம்.

‘டாலிவர் திருடர்களுக்குக் கிம்ப்ரல்காரர்கள் எழுதுவது. 1868-இல் நீங்கள் செய்ததை இன்று நாங்கள் செய்தோம். ஏ புத்தகத்தை இப்போது சிப்சா ஓடையில் மீன்கள் படித்துக்கொண்டிருக்கின்றன. ஐயம் இருந்தால், எரிந்துபோன வாட்லி ஜின்னிங் மில்லில் இடப்புறம் திரும்பி, பழைய படகுத்துறைக்குப் போய் நீரைக் கேளுங்கள்.’

“நாங்க எழுதினா இவ்ளோ இலக்கணமாவா எழுதுவோம்!” என்று ராய்ஸ் கொதித்தார். கிம்ப்ரல் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவரே ஒப்புக்கொண்ட முதல் உண்மை அது.

லொரெட்டா கடிதத்தை இரண்டு முறை படித்தார். “டப், வண்டியெடு.”

*

வண்டிக்குள் நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். டப் என்னிடம் மூன்று விதமாகச் சொன்னார். நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டேன்.

கிம்ப்ரல் சாலையில் எதிரே வந்த லாரி ஓரம் கட்டியது. அதற்குப் பின்னால் வந்த பள்ளிப் பேருந்தும் ஓரம் கட்டியது. வயலில் டிராக்டர் ஓட்டியவர்கூட இறங்கி நின்று தலை குனிந்தார்.

“பாத்தீங்களா மிஸ் லொரெட்டா மரியாதைய? என் சொந்தக் கார்ல வந்தா ஹாரன் அடிச்சே சாகடிப்பாங்க.”

“கடலைத் தோல வெளிய துப்பாதப்பா. பொணவண்டியிலேர்ந்து தோல் பறந்தா ஊர் என்ன நெனைக்கும்?”

“செத்தவருக்குப் பசிக்குதுன்னு நெனைக்கும்.”

பதினோராவது மைலில் சாலை பிரியும் இடத்தில் ஒரு டயர் கடை. லொரெட்டா வண்டியை நிறுத்தச் சொன்னார். கடைக்காரன் கிம்ப்ரலில் பிறந்து வளர்ந்தவன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடி வந்தான்.

“தம்பி, வாட்லி ஜின்னிங் மில் எரிஞ்ச இடம் எது?”

அவன் விழித்தான். “மில்லா? அப்படி ஒன்னும் கேள்விப்பட்டதில்லையேம்மா. எங்க ஊர்ல எல்லாரும் இந்த முக்க டயர் கடை முக்குன்னுதான் சொல்வோம்.”

வண்டி இடப்புறம் திரும்பியதும் டப் சொன்னார்: “நாம நின்ன இடம்தானே மில்லு இருந்த இடம்? அது எரிஞ்சு நாப்பத்தஞ்சு வருஷம் இருக்குமே.”

“நாப்பத்தேழு. இருக்கிறத வச்சு வழி சொல்றது கிம்ப்ரல். இல்லாதத வச்சு வழி சொல்றது நம்ம ஊரு. நீயே நேத்து ஒருத்தருக்கு, எப்பவோ வெட்டி எடுத்துட்ட மேப்பிள் மரத்துக்கிட்ட திரும்புங்கன்னு வழி சொன்னியே.”

“அவரு கண்டுபிடிச்சிட்டாரா?”

“இன்னும் தேடிட்டிருப்பாரு. ஆகக்கூடி, இந்தக் கடுதாசி எழுதினது கிம்ப்ரல்காரன் இல்ல. நம்ம ஆளு.”

“அட, சொந்த ஊர்த் திருடனா! பெருமையா இருக்கு.”

மண்பாதை முடிந்தது. இருவரும் இறங்கினார்கள். பழைய படகுத்துறையின் கல்தூண் ஒன்று சாய்ந்து நின்றது. அதைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சோயா பயிர். பச்சைப்பசேலென்று, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல்.

டப் இலைகளை விலக்கிப் பார்த்தார். “மீனு எங்க மிஸ் லொரெட்டா? இங்க வந்து படிக்கணும்னா அதுங்க நடந்துல்ல வரணும்?”

லொரெட்டா கல்தூண்மேல் உட்கார்ந்து சிரித்தே விட்டார். “ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொம்பது வெள்ளத்துலயே ஓடை அரை மைலு தள்ளிப் போயிடுச்சுப்பா. என் தபால் ரூட்டு இது. இந்தப் பக்கம் வண்டி ஓட்டுற எவனுக்கும் தெரியும். உழுறவனுக்குத் தெரியும். தூண்டில் போடுறவனுக்குத் தெரியும்.”

“அப்ப எழுதினவன் குருடனா?”

“இல்ல. படிச்சவன். எரிஞ்ச மில்லு தெரியுது, ஆனா ஓடை எங்க இருக்குன்னு தெரியல. நம்ம மாவட்டத்தக் கால்ல பார்க்காம காகிதத்துல மட்டும் பாத்த ஒரே ஆளு யாரு?”

டப் மெல்லுவதை நிறுத்தினார். டாலிவரில் எல்லார் வீட்டு வரவேற்பறையிலும் ஒரு தடிமனான புத்தகம் உண்டு, யாரும் திறக்காதது. ‘டாலிவரின் பொற்காலம்.’ எழுதியவர் தர்ஸ்டன் லெட்பெட்டர். உள்ளட்டையில் ஒரு வரைபடம், அவர் கையாலேயே வரைந்தது. அதில் இதே படகுத்துறை. நீல மையில் ஓடை. ஓடையில் ஒரு படகு. படகுக்குப் பக்கத்தில், கடவுள் சாட்சியாக, ஒரு மீன்.

“தினம் அந்த அறையிலதான் உட்கார்ந்திருப்பாரு. தினம் வர்றவர இமோஜின் வந்தவர் கணக்குல சேர்க்கல, நாற்காலி மாதிரி. ஆனா ஏன்? கோர்ட்டு போகக் கூடாதுன்னு ஊர்லயே பெருசாக் கத்துறது அவருதானே?” என்றார் டப்.

“அதுதான் எனக்கும் புரியல” என்றார் லொரெட்டா. “கேட்டாச் சொல்ல மாட்டாரு. எடுத்துட்டு வர வைக்கணும்.”

*

ஒரு மணிக்கு லொரெட்டா என் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தலையில் செய்ய ஒன்றும் இல்லை.

“வில்லா, உன்கிட்ட மட்டும் ஒன்னு சொல்றேன். ஷெரீஃபு மூணு மணிக்கு வீடு வீடா சோதனை போடப் போறாராம். பழைய காகிதம் வச்சிருக்கிற டாலிவர்க்காரங்க வீடு எல்லாம். யார்கிட்டயும் மூச்சு விடாத.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. மருந்துக் கடை ஹேட்டியிடம் சொன்னேன், அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள் என்பதால். சாப்பாட்டுக் கடையில் சொன்னேன், அது பொது இடம் என்பதால். தர்ஸ்டன் வீட்டுக்கு எதிர்வீட்டு அம்மாளுக்கு ஃபோன் செய்தது அவளுடைய முடிவெட்டும் நாளை ஞாபகப்படுத்த. மொத்தம் பதினோரு நிமிடம். லொரெட்டா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அப்புறம்தான் அறிந்தேன். சேதி போய்ச் சேரச் சில பேர் தபால்தலை ஒட்டுவார்கள். அவர் என்னை ஒட்டினார். அதற்காக நான் வருத்தப்படவில்லை, ஒரு வாரத்துக்கு மேல்.

டாலிவரை விட்டு வெளியே போக இரண்டே சாலை. ஒன்று கிம்ப்ரலுக்கு, இன்னொன்று மாண்ட்கமரிக்கு.

“எதுல போய் நிக்கறது?” என்று டப் கேட்டார்.

“மாண்ட்கமரி ரோடு. லெட்பெட்டர் செத்தாலும் கிம்ப்ரல் வழியாப் போக மாட்டாரு.”

இரண்டு மைல் தள்ளி மரநிழலில் காத்திருந்தார்கள். தூரத்தில் தர்ஸ்டனின் பழுப்பு ப்யூக் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. ஆயுளில் முதல் முறையாக நாற்பது மைலைத் தாண்டி ஓட்டுகிறார்.

“எப்படி மறிக்கிறது? நம்ம வண்டி முப்பதுக்கு மேல போனா குலுங்கும். சவப்பெட்டி வேகம்தான் அதுக்குப் பழக்கம்.”

“ஒன்னும் பண்ணாத. விளக்கப் போட்டுட்டு மெதுவா எதிர்ல போ.”

விளக்கு எரிய, நிதானமாக, கறுப்பு வண்டி சாலைக்கு வந்தது. திருடிய புத்தகத்தோடு ஊரை விட்டு ஓடிக்கொண்டிருந்த மனிதர், அறுபத்தெட்டு வருட வளர்ப்பு காலைப் பிடித்து இழுக்க, பிரேக்கை மிதித்தார். புல்தரையில் ஓரம் கட்டினார். இறங்கினார். தொப்பியை நெஞ்சில் வைத்துத் தலைகுனிந்து நின்றார்.

பிணவண்டி அவர் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

“ஏறிக்கிறீங்களா சார்? பின்னாடி படுக்க இடம் இருக்கு” என்றார் டப்.

லொரெட்டா இறங்கினார். “டிக்கியத் திறங்க மிஸ்டர் தர்ஸ்டன்.”

அவர் மறுக்கவில்லை. மெத்தைப் போர்வையில் குழந்தையைப் போலச் சுற்றி வைத்திருந்தார் ஏ புத்தகத்தை.

“எரிச்சிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே சார்?” என்று டப் கேட்டார்.

“எரிக்கிறதா?” தர்ஸ்டன் அதிர்ந்து போனார். “இது முதல் பதிவு! கையெழுத்துப் பிரதி!”

“அப்ப ஏன் எடுத்தீங்க? கோர்ட்டு போயிடுமே. இமோஜின் வேலை போயிடுமே.”

தர்ஸ்டன் எண்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து கொடுத்தார்.

கோர்ட்டு வாசலில் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. தர்ஸ்டனின் கொள்ளுத்தாத்தா கர்னல் லெட்பெட்டர். எந்தப் படையில் கர்னல் என்று யாரும் கேட்டதில்லை. பீடத்தில் ‘இந்த மண்ணை மக்களுக்கு அளித்த வள்ளல்’ என்று பொறித்திருக்கும். வருடா வருடம் மாலை போடுவது தர்ஸ்டன்.

லொரெட்டா வாய்விட்டுப் படித்தார். “‘அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற கருமான் ஏசக் பெட்டவே ஆகிய நான், என் உழைப்பில் வாங்கிய நாலு ஏக்கரை...’” அவர் நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். “ஏசக் எங்க அப்பாவோட தாத்தாவாச்சே.”

டப் வாயில் கடலை இருந்தது. மெல்லவில்லை. துப்பவும் இல்லை.

“சாட்சிக் கையெழுத்து மட்டும்தான் எங்க கர்னலு” என்றார் தர்ஸ்டன். “போன வாரம்தான் படிச்சேன். கோர்ட்டு போனா ஒரு கட்டடம்தான் லொரெட்டா போகுது. கர்னல் போயிட்டா நான் யாரு?”

லொரெட்டா புத்தகத்தை மூடினார். “முப்பத்தி நாலு வருஷம் உங்க வீட்டுக்குத் தபால் போட்டிருக்கேன். கர்னல் பேருக்கு ஒரு தபால்கூட வந்ததில்ல. எல்லாம் உங்க பேருக்குத்தான் வந்துது. ஏறுங்க. அஞ்சு மணிக்கு வேலை இருக்கு.”

*

ஐந்து மணிக்கு வக்கீல் பத்திரத்தைப் படித்தார். நிபந்தனை ஒன்றல்ல, இரண்டு. கோர்ட்டு இந்த இடத்தில் கூடும்வரை நிலம் மாவட்டத்துக்கு. இடம் மாறிய நாளே பெட்டவே வாரிசுகளுக்குத் திரும்பும். ராய்ஸ் முகம் சுருங்கியது. விற்கச் சதுக்கம் இல்லையென்றால் கிம்ப்ரலில் புதுக் கோர்ட்டு கட்டக் காசும் இல்லை.

வக்கீல் இரண்டாவதைப் படிப்பதற்கு முன் தண்ணீர் குடித்தார். “‘எந்த நிறத்தவரும் முன்வாசல் வழியாகவே நுழைய வேண்டும். ஒருவரைத் தடுத்தாலும் நிலம் திரும்பும்.’”

கோர்ட்டின் வடக்குப் பக்கம் இருக்கும் குட்டிக் கதவு யாருக்காக வைத்தது என்று அங்கிருந்த நரைத்த தலைகள் எல்லாவற்றுக்கும் தெரியும். லொரெட்டாவின் அம்மா, கறுப்பர் என்பதால், வீட்டு வரி கட்ட அந்தக் கதவு வழியாகத்தான் போய் வந்தார், சாகும்வரை.

“அப்படின்னா... இந்த நிலம் இப்ப யாருது?” என்று ராய்ஸ் கேட்டார்.

“இருபது வருஷம் வழக்கு நடத்தலாம்” என்றார் வக்கீல் ஆசையோடு.

“எந்தக் கோர்ட்டுல?”

“இந்தக் கோர்ட்டுலதான்.”

எல்லாரும் லொரெட்டாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்தார்.

“கோர்ட்டு இங்கயே இருக்கட்டும். இமோஜினும் அவ மேஜையிலயே இருக்கட்டும். அந்த வடக்குக் கதவ மட்டும் சுவர் வச்சு அடைச்சிடுங்க.”

“சிலைய என்ன பண்றது?” என்று யாரோ கேட்டார்கள். தர்ஸ்டன் கடைசி வரிசையில் தலை குனிந்திருந்தார்.

“நிக்கட்டும். வந்த விருந்தாளிய எழுப்பி விடுறது எங்க வீட்டுப் பழக்கமில்ல. பீடத்துல மட்டும் சாட்சின்னு மாத்திப் போடுங்க.”

மொத்தம் ஐந்து ஓட்டு, ஐந்தும் ஆதரவு. ராய்ஸும் கை தூக்கினார், பல் வலி வந்தவர் போல.

ஷெரீஃப் புகார் எழுத வந்தபோது இமோஜின் வேண்டாம் என்றுவிட்டாள். “ஆனா இனிமே என் அறைக்கு வர்றதா இருந்தா, மத்தவங்க மாதிரி வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வரணும்” என்றாள். சிறை பரவாயில்லை என்பது போலிருந்தது தர்ஸ்டனின் முகம்.

வடக்குக் கதவு இப்போது இல்லை. ஆனால் வழி கேட்டால் எங்கள் ஊரில் ‘அடைச்ச கதவுக்கிட்ட திரும்புங்க’ என்றுதான் சொல்கிறோம்.

இமோஜின் மறு வருடம் மே மாதம் டப் ஹென்ஸ்லியைக் கல்யாணம் செய்துகொண்டாள். கார் கிடைக்கவில்லை என்று சொல்லி அந்தக் கறுப்பு வண்டியிலேயே பூ கட்டிக்கொண்டு சர்ச்சிலிருந்து கிளம்பினார்கள். வழியெல்லாம் வண்டிகள் ஓரம் கட்டின, ஆட்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு பிரம்மச்சாரி போகிறான், அந்த மரியாதை நியாயம்தான் என்றார் மாப்பிள்ளை. ராய்ஸ், புதுக் கோர்ட்டுக்கென்று பார்த்து வைத்திருந்த நெடுஞ்சாலை நிலத்தில் இப்போது தர்ப்பூசணி போட்டிருக்கிறார். லொரெட்டாவின் கார் சரியாகிவிட்டது. ஆனால் அதற்கு யாரும் ஓரம் கட்டுவதில்லை என்று குறைப்படுகிறார்.

தர்ஸ்டன் லெட்பெட்டர் வீட்டை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போனார். மொபைல் நகரத்துக்கு, தங்கை வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தோம். இல்லை. கிம்ப்ரலில், டயர் கடை முக்கில் ஒரு வாடகை வீடு. அந்த ஊர் வரலாற்றை எழுதுகிறாராம். முதல் அத்தியாயம் 1868-இல் டாலிவர்க்காரர்கள் செய்த திருட்டைப் பற்றி. படித்துப் பார்த்த டயர் கடைக்காரன் சொன்னான்: கூடவே இருந்து பார்த்தவர் எழுதியது போல இருக்கிறதாம்.